நாற்பது நாள் ஹதீஸும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் மஹல்லாவின் இமாம் ஊரில் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையில் ஜும்ஆ பயான் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. மதுவைப் பற்றிப் பேசினேன். மது அருந்தியவரின் தொழுகை நாற்பது நாட்கள் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை என்னும் ஹதீஸை உரத்த குரலில், ஒரு முறைக்கு மூன்று முறையாகச் சொன்னேன். முன் வரிசையில் இருந்த பெரியவர்கள் தலையசைத்தார்கள். கடைசி வரிசையில், செருப்பு வைக்கும் இடத்தருகே ஒருவர் அமர்ந்திருந்தார். யாரைக் குறித்துப் பேசுகிறேன் என்பது பள்ளியில் இருந்த பலருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மறு வாரம் அவர் ஜும்ஆவுக்கு வரவில்லை. சொன்னது தைத்திருக்கிறது, இனித் திருந்துவார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து அவருடைய மனைவி தம் தாயாருடன் மதரஸாவுக்கு வந்தார். வாசலருகே நின்றபடியே பேசினார்: "ஹஜ்ரத், நாற்பது நாள் தொழுகை ஏத்துக்கப்படாதுன்னு நீங்க சொன்னதிலேர்ந்து, ஏத்துக்கப்படாத தொழுகையை எதுக்குத் தொழணும்னு விட்டுட்டாங்க. முன்னாடியெல்லாம் ஜும்ஆவுக்காக வியாழக்கிழமை ராத்திரி மட்டுமாவது குடிக்காம இருப்பாங்க. இப்ப அந்த ஒரு ராத்திரியும் போச்சு."

இந்தக் கட்டுரையை அவருடைய சம்மதத்தோடும் அவருடைய கணவரின் சம்மதத்தோடும் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய செய்திகளை விட்டுவிட்டேன்.

அந்த ஹதீஸ் திர்மிதீ, நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் உள்ளது. நான் சொன்னது பொய்யன்று, பாதி. அதே ஹதீஸில், அவர் தவ்பா செய்தால் அல்லாஹ் ஏற்றுக்கொள்கிறான் என்பதும் சேர்ந்தே வருகிறது. மேலும், தொழுகை ஏற்கப்படாது என்பதற்கு அதன் நன்மை கிட்டாது என்பதே பொருள், தொழ வேண்டிய கடமை நீங்கவில்லை, தொழுதால் கடமை நிறைவேறிவிடும் என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். இதை ஓதிப் பட்டயமும் பெற்றவன் நான். பயானின் சூட்டில் அந்தப் பாதியை விட்டுவிட்டேன். ஒரு மனிதரிடம் எஞ்சியிருந்த ஒரே வேலியைப் பிடுங்கிவிட்டேன்.

அதற்கடுத்த ரமழானில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது நம் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கக் கூடியது. பிறை தெரிந்த இரவில் அவர், இனித் தொடுவதில்லை என்று தம் பிள்ளைகளின் தலையில் கைவைத்துச் சொன்னார். பத்தாண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் குடித்து வந்தவர். முதல் நோன்பன்று கைகள் நடுங்கின, உடல் வியர்த்துக் கொட்டியது. நோன்பின் சோர்வு என்றார்கள். இரண்டாம் இரவு சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொன்னார். மவ்த்தாகிப் போன தம் வாப்பாவோடு பேசத் தொடங்கினார். ஜின்னின் தீண்டல் என்று வீட்டார் அஞ்சி என்னை அழைத்தார்கள். நானும் போய் ஆயத்துல் குர்ஸீ ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸஹர் நேரத்தில் வலிப்பு வந்தது. அவருடைய மச்சான்தான் ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்.

நீண்ட காலம் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடல் அதைத் தாங்காது. சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காண்பதும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரைகளோடு நிறுத்தினால் இந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்க முடியும். மருத்துவர் இதை எங்களிடம் விளக்கியபோது அவர் குரலில் கோபம் இருந்தது. ஓதிப் பார்ப்பதை நான் மறுப்பவன் அல்லன். ஆனால் அன்றிரவு ஓதிய பின் மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொல்லாமல் வந்தேன். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகையை அல்லாஹ் தந்திருக்கிறான் (அல்குர்ஆன் 2:184, 185). ரமழானை முன்னிட்டு மதுவை விட விரும்புவோர் ஷஅபானிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இந்த இடத்தில் சிலர் குறுக்கிடுவார்கள்: "நோய் என்று சொல்லிவிட்டால் பாவம் இல்லை என்று ஆகிவிடாதா?" ஆகாது. ஒருவன் தடுக்கப்பட்ட வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காலை முறித்துக்கொண்டால், அவன் செய்தது தவறு என்பதும் உண்மை, கால் முறிந்தது என்பதும் உண்மை. தவ்பா செய்துவிட்டு நடந்து போ என்று யாரும் அவனிடம் சொல்வதில்லை. மது ஹராம் என்பதில் இம்மியளவும் ஐயமில்லை (அல்குர்ஆன் 5:90, 91). ஆனால் அந்தத் தடையே ஒரே நாளில் வரவில்லை. அதில் பயனைவிடப் பாவம் பெரிது என்ற அறிவிப்பு முதலில் வந்தது (2:219). போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்ற கட்டளை பின்னர் வந்தது (4:43). ஐந்து வேளைத் தொழுகைக்கிடையே குடிப்பதற்கான நேரம் சுருங்கிப் போனது. முழுத் தடை அதற்குப் பிறகே. முதலிலேயே முழுத் தடை வந்திருந்தால் மக்கள் விட்டிருக்க மாட்டார்கள் என்ற கருத்தை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதாக புகாரீயில் உள்ளது. படைத்தவன் தன் அடியார்களின் இயல்பை அறிவான். நாம்தான் அதை மறந்துவிட்டு ஒரே பயானில் திருத்தப் பார்க்கிறோம்.

மருத்துவமனையில் சில நாட்கள் இருந்தார். வீட்டுக்குப் புறப்படும்போது வார்டில் ஆலோசகராக இருந்த ஒரு சகோதரி ஒரு துண்டுச் சீட்டில் முகவரியும் நேரமும் எழுதிக் கொடுத்தார். "மருந்து உடம்புக்கு. இனிமேல் குடிக்காமல் இருப்பதற்கு இங்கே போங்கள்" என்றார். அது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தின் முகவரி. ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்தக் கூட்டம் இல்லை. பேருந்தில் முக்கால் மணி நேரப் பயணம். சீட்டு மூன்று வாரம் ரேஷன் கார்டு உறைக்குள் கிடந்தது. "ஹஜ்ரத் கூட வந்தா போறேன்" என்று அவர் மனைவியிடம் சொல்லியனுப்பினார். மறுக்க எனக்கு முகமில்லை.

ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த பள்ளிக்கூட வளாகத்தில், ஒரு வகுப்பறையில் கூட்டம். மாலை ஏழு மணி. மஃரிபை அருகிலுள்ள பள்ளிவாசலில் முடித்துவிட்டுப் போனோம். வாசலில் நின்றிருந்தவர் எங்களைப் பார்த்ததும் யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு மூடிய கூட்டம், குடிப்பழக்கத்தை விட விரும்புவோர் மட்டும் அமரலாம், திறந்த கூட்டம் மாதத்தின் கடைசி ஞாயிறு, அதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார். பிறகு இவரைத் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துச் சென்றார். நான் வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். தாடியும் தொப்பியும் ஜிப்பாவுமாக, குடிநோயாளிகள் கூட்டம் என்று எழுதிய பலகைக்குக் கீழே அமர்ந்திருக்கிறேன். தெருவில் போவோர் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என் பழைய மாணவர்கள் சிலர் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள்? கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. குடிக்காத எனக்கே கால் மணி நேரம் இந்தப் பலகையின் கீழ் இருக்க முடியவில்லை என்றால், நான் மிம்பரருகே நின்று பேசியபோது செருப்பு வைக்கும் இடத்தருகே இருந்தவர் எதைச் சுமந்துகொண்டு அமர்ந்திருந்தார்? தொப்பியை எடுத்து மீண்டும் அணிந்துகொண்டேன். உள்ளிருந்து சிரிப்பொலி கேட்டது. அழுகையை எதிர்பார்த்திருந்தேன், சிரிப்பு எனக்கு விளங்கவில்லை.

கடைசி ஞாயிறு அன்று திறந்த கூட்டத்தில் நானும் அமர்ந்தேன். யார் என்ன பேசினார்கள் என்பதை எழுத மாட்டேன். ஒருவர் பேசிவிட்டுச் சுற்றும் முற்றும் திரும்பிப் பார்த்தால் அந்தப் பேச்சே அமானிதமாகிவிடும் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம் (அபூதாவூத், திர்மிதீ). அங்கேயும் அதுவே விதி. பேர் தெரியாமை என்பது அந்த அமைப்பின் பெயரிலேயே இருக்கிறது. வருகைப் பதிவேடு கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகள், பேப்பர் கப்பில் டீ, மேசை மேல் சில நூல்கள். இறுதியில் ஒரு பை சுற்றி வந்தது. நான் நூறு ரூபாய் எடுத்தேன். உறுப்பினர் அல்லாதவரிடம் வாங்குவதில்லை என்று அன்போடு மறுத்துவிட்டார்கள். வசூல் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பழகியவன் நான். கொடுத்த பணத்தை வேண்டாம் என்று சொன்னவர்களை அன்றுதான் கண்டேன்.

என்னை அசைத்தது வேறொன்று. அங்கே யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. "நீ", "நீங்கள்" என்று தொடங்கும் வாக்கியமே இல்லை. எழுந்தவர் ஒவ்வொருவரும் "நான்" என்று தொடங்கித் தம்மைப் பற்றி மட்டும் பேசி அமர்ந்தார். இருபது ஆண்டுகளாக "நீங்கள்" என்று தொடங்கிப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது புதிய இலக்கணம். இந்த அமைப்பு தோன்றிய வரலாறும் அப்படித்தான். 1935 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அக்ரான் நகரில், வணிகம் கைகூடாமல் விடுதியில் தங்கியிருந்த பில் வில்சன் என்பவருக்கு மீண்டும் குடிக்கும் ஆசை எழுந்தது. மதுக்கூடத்திற்குப் போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தொலைபேசியில் தேடினார். பாப் ஸ்மித் என்னும் மருத்துவர் கிடைத்தார். இருவரும் தொடங்கியதே ஏ.ஏ. குடித்து மீண்டவரின் சொல், குடிப்பவரின் காதில் ஏறுகிறது. நம்முடைய சொல் ஏறுவதில்லை.

இதை நான் சொன்னபோது என் சக ஆலிம் ஒருவர் எழுப்பிய கேள்வி வலுவானது. தம் பாவங்களைத் தாமே பகிரங்கப்படுத்துவோரைத் தவிர என் சமூகத்தார் அனைவரும் மன்னிக்கப்படுவர் என்ற கருத்தில் ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. அல்லாஹ் மறைத்ததை நாம் திறந்து காட்டலாமா? பத்துப் பேர் நடுவே நான் குடிகாரன் என்று எழுந்து சொல்வது அந்த எச்சரிக்கையில் வராதா?

நான் சில நாட்கள் எடுத்துக்கொண்டேன். பதில், நம் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் அல்அத்கார் நூலிலேயே இருந்தது. பாவத்தில் வீழ்ந்தவர் அதைப் பிறரிடம் சொல்வது வெறுக்கத்தக்கது என்று எழுதிய இமாம், அதற்கு விலக்கும் தருகிறார். தம் ஆசானிடமோ அவரைப் போன்ற ஒருவரிடமோ, பாவத்திலிருந்து வெளியேறும் வழியைக் கற்றுத் தருவார், அதில் தள்ளிய காரணத்தைக் காட்டித் தருவார், துஆச் செய்வார் என்று நம்பிச் சொல்வதில் குற்றமில்லை. அது நல்லதே என்கிறார். மதுவிலிருந்து வெளியேறும் வழியில் யார் ஆசான்? வெளியேறியவரே. பெருமைக்காகவோ கூச்சமின்றியோ சொல்வது வேறு; கதவு தேடிச் சொல்வது வேறு. குடிநோயாளிகள் கூட்டத்தை அந்த விலக்கில் சேர்ப்பது என் விளக்கம். மாறுபடும் ஆலிம்கள் எழுதினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.

தேவாலய வளாகம் என்பதும் சிலருக்கு உறுத்துகிறது. குறைந்த வாடகைக்கு மாலையில் ஒரு வகுப்பறையைத் தருகிறவர்கள் தருகிறார்கள். நம் மதரஸா அறைகளும் மாலையில் பூட்டியே கிடக்கின்றன என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் இறைவனைப் பற்றிய பேச்சு வருகிறது. ஒவ்வொருவரும் தாம் புரிந்துகொண்டபடி என்று விட்டிருக்கிறார்கள். நம்மவருக்கு அது அல்லாஹ் ஒருவனே. நமக்கு ஒவ்வாத வேண்டுதல் ஏதேனும் வந்தால் மௌனமாக இருந்துவிடலாம்; யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தப் படிகளையே இஸ்லாமிய வழியில் வகுத்துக்கொண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1989 இல் முஸ்லிம்களே மில்லத்தீ இஸ்லாமீ என்ற அமைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள். நாமும் ஒரு நாள் செய்யலாம். அதுவரை ஒருவரைச் சாகவிட முடியாது.

தொண்ணூற்றொன்பது கொலைகள் செய்தவரின் ஹதீஸை மதரஸாவில் ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன் (புகாரீ, முஸ்லிம்). உனக்குத் தவ்பா இல்லை என்று சொன்ன வணக்கசாலியையும் அவர் கொன்றுவிட்டு நூறு ஆக்கினார். அடுத்து வந்த அறிஞர், உனக்கும் தவ்பாவுக்கும் நடுவே யார் நிற்க முடியும் என்று கேட்டதோடு நிறுத்தவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், அதை விட்டு இன்ன ஊருக்குப் போ, அங்கே நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்துகொள் என்று வழியும் சொன்னார். அந்த அறிஞருக்கு அந்த ஊரின் பெயர் தெரிந்திருந்தது. எனக்கு மருத்துவமனைச் சகோதரி சொல்லும் வரை தெரிந்திருக்கவில்லை.

அவருடைய மனைவியைப் பற்றி இரண்டு வார்த்தை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அல்அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அவர் தம் ராத்தாவோடு மருத்துவமனையில் நடக்கும் குடும்ப ஆலோசனைக்கு மாதம் ஒரு முறை போகிறார். குடித்தது கணவர், ஆனால் திருமண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியவர் இவர். ஸப்ர் செய் என்று நான் முன்பு சொன்னதை அவரிடம் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நான்காம் மாதத்தில் ஒரு நாள் அவர் குடித்துவிட்டார். எனக்கு அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் அவருக்குத் துணையாக அமைந்த ஸ்பான்சர் என்பவரை இரவு பதினொரு மணிக்கு அழைத்திருக்கிறார். மாற்று மதத்தவரான அவர் அந்த நேரத்தில் இருசக்கர வாகனத்தில் எங்கள் ஊருக்கு வந்து, விடியும் வரை திண்ணையில் உடனிருந்துவிட்டுப் போயிருக்கிறார். என்னை அழைக்கவில்லையே என்று முதலில் சிறிது வருத்தம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன். அழைத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்த பின் அந்த வருத்தம் போய்விட்டது. மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒரு தோழரை ஒருவர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சியும் சொன்னார்கள் (புகாரீ). தண்டனை இருந்தது, சாபம் இல்லை. அந்தத் தோழரும் பலமுறை தவறியவரே.

ஏ.ஏ. கூட்டத்தில் இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமலிரு என்பார்கள். இவர் அதை மேலும் சிறிதாக்கிக்கொண்டார். "ஒரு நாள் எனக்கு ரொம்ப நீளம் ஹஜ்ரத். அடுத்த வக்து வரைக்கும்னு வச்சுக்கிட்டேன்" என்கிறார். ஸுப்ஹிலிருந்து லுஹர் வரை, லுஹரிலிருந்து அஸர் வரை. இஷாவிலிருந்து ஸுப்ஹு வரைதான் கடினம் என்கிறார். அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தவறுதலுக்குப் பின் ஓராண்டு கடந்துவிட்டது.

இந்திய அரசின் சமூகநீதி அமைச்சகத்திற்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019 இல் வெளியான ஆய்வு, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறது. நம் மஹல்லாக்களில் அந்த ஒருவரும் வேற்றூருக்குப் போய்த்தான் பெறுகிறார். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான எண் 14416. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டால் சிகிச்சையும் கிடைக்கும், பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்பதையும் சொல்வார்கள்.

இந்த எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேட்டேன். நம் மஹல்லாவில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று நாமே எழுதி ஒட்டுவதா என்று ஒரு பெரியவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேட்பேன், இன்ஷா அல்லாஹ். அதுவரை அந்தச் சீட்டு மதரஸாவில் என் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. இதுவரை நான்கு பேர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். இருவர் பெண்கள்.